பெயர் எழுதாமல் உறை அனுப்பியவருக்கு நன்றி

விடுதிப் பள்ளியில் எங்களோடு படித்து, இன்று நம்மோடு இல்லாதவர்களைப் பற்றி ஒரு நினைவுத் தொகுப்பு போட ஆரம்பித்து ஓராண்டு ஆகிறது. எளிய வேலை என்றுதான் இறங்கினோம். அப்புறம்தான் தெரிந்தது, பலருடைய முழுப்பெயரே எங்களுக்குத் தெரியவில்லை. பட்டப்பெயர் நினைவிருக்கிறது, சட்டைக் காலரில் தைத்த சலவை எண்கூட நினைவிருக்கிறது. இனிஷியல்தான் போய்விட்டது. ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் யாருக்கென்று அஞ்சலி எழுதுவது?

அப்போதுதான் அனுப்புநர் முகவரி இல்லாத அந்த உறை வந்தது. உள்ளே எங்கள் வகுப்புப் படத்தின் நகல். ஒவ்வொரு தலையிலிருந்தும் கோடு இழுத்து, பென்சிலில் பெயர், இனிஷியல், சலவை எண். இறந்தவர்களுக்கு மட்டும் கூடவே ஒரு வரி: ‘இருட்டென்றால் பயம், ராத்திரி கழிவறைக்குத் துணைக்கு என்னை எழுப்புவான்.’ ‘வீட்டுக்குக் கடிதம் எழுதும் நேரத்தில் அடுத்தவனுக்கும் சேர்த்து எழுதுவான்.’ பதவி, பட்டம் எதுவும் இல்லை. நாங்கள் எழுதி வைத்திருந்த ‘பண்பாளர், பாசமிக்கவர்’ எல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. அடித்துவிட்டோம்.

இன்னொன்று. எங்கள் பட்டியலில் இருந்த ஒருவருக்கு நேரே ‘இவன் உயிரோடுதான் இருக்கிறான், போன வாரம்கூட என்னைத் திட்டினான்’ என்று எழுதியிருந்தீர்கள். நல்ல வேளை!

மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு முகத்துக்கு மட்டும் கோடு இல்லை. உற்று உற்றுப் பார்த்தும் எங்களுக்குப் பிடிபடவில்லை. நீங்கள்தானோ அது? உங்களுக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்.