பழைய கௌபாய் தொப்பியா? உள்ளே புரட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் பழைய சாமான் கடைகளில், விளிம்பு அகன்ற தொப்பி எதுவானாலும் ‘அசல் கௌபாய் தொப்பி’ என்று விலை சொல்லிவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் ஏமாறக் கூடாது. அமெரிக்காவில் ஜான் ஸ்டெட்சன் 1865இல் கொண்டுவந்த தொப்பிதான் இந்த வகைக்கு முன்னோடி. அதன் உச்சியில் மடிப்பே கிடையாது, விளிம்பும் தட்டை. ஆகவே மடிப்பை வைத்து முடிவுகட்டுவது தப்பு. விளிம்பை ஸ்கேலால் அளந்து பாருங்கள். மூன்றரை, நான்கு அங்குலம் இருந்தால் சரி. இரண்டரைதான் என்றால் பெரும்பாலும் ஃபெடோரா என்ற, விளிம்பு குறுகிய நகரத்துத் தொப்பி. கௌபாய் தொப்பி போலத் தெரிய ஓரத்தை நீராவியில் வளைத்துவிட்டிருப்பார்கள்.

பிறகு உள்ளேயுள்ள தோல் பட்டையை மெல்லப் புரட்டுங்கள். நல்ல பழைய தொப்பியில் பின்பக்கத் தையலில் குட்டி ரிப்பன் முடிச்சும், பட்டைக்கு அடியில் அளவு போட்ட சிறு சீட்டும் இருக்கும். பீவர் (ஒரு நீர்விலங்கு), முயல் ரோமத்தை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணி மெல்லிசாக, வழுவழுவென்று அடர்ந்திருக்கும். கம்பளி ஃபெல்ட் சொரசொரக்கும், நனைந்தால் சுருங்கும். தரத்தைக் காட்டுவதாகப் போடும் ‘எக்ஸ்’ (X) முத்திரையை நம்ப வேண்டாம், அதன் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

நம்மூர் வெயிலில் பட்டை காய்ந்து சுருங்கி, தொப்பியையே இறுக்கிவிடும். பட்டை வெடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வீட்டில் உச்சி கீழே இருக்கும்படி மல்லாக்க வையுங்கள். கவிழ்த்து வைத்தால் விளிம்பு தொய்ந்துவிடும்.

– வாசகர், மதுரை