வாரிசு சான்றிதழ் கேட்டு மறுபடியும் ஒரு மனு

அனுப்புநர்: காலமான சாலைப் பணியாளரின் மூத்த மகள் (அம்மாவுக்காக), கண்மாய்க்கரை மேலத்தெரு.

பெறுநர்: உயர்திரு வருவாய் கோட்டாட்சியர் அவர்கள்.

பொருள்: வாரிசு சான்றிதழ் கிடைக்காதது, முந்தைய மனுக்களுக்குப் பதில் வராதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன மழையில் கண்மாய் உடைந்தபோது நீங்கள் வந்து நின்றீர்களே, அந்தத் தெருதான் எங்கள் தெரு. ரேஷன் கடைக்கு எதிர் வரிசையில், ஓடு போட்ட வீடு. இதே விஷயமாகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்திருக்கிறோம், முதல்வர் உதவி எண் 1100க்கும் போன் செய்திருக்கிறோம். ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை.

1. அப்பா 1997இல் நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராகச் சேர்ந்தார், பணியில் இருக்கும்போதே இறந்தார். இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

2. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, இறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை எல்லாம் கொடுத்தாயிற்று. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் என்று கோப்பு போக வேண்டும். போகிறது, திரும்புகிறது, மறுபடி போகிறது.

3. அது ஏன் திரும்புகிறது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். 2002 செப்டம்பரில் சாலைப் பணியாளர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது அப்பாவும் வேலை இழந்து, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். 2006இல் மறுபடி வேலைக்கு எடுக்கும்வரை 41 மாதம். அந்தக் காலத்தில் அங்கே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது, ஒரு பையனும் இருக்கிறான். இது எனக்கும் தம்பிக்கும் தெரியாது. விசாரணைக்கு வந்தவர் ரேஷன் வரிசையில் நின்ற ஜனங்களுக்கு முன்னால் வைத்து, "உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை சம்சாரம்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, "ரெண்டு, எனக்கு அப்பவே தெரியும்" என்றார். இத்தனை வருடம் வீட்டுக்குள்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை எங்கள் அம்மா ரேஷன் கடை வாசலில் சொன்னார் ஐயா. அப்புறம் ஆர்.ஐ. மாறினார், புதியவர் முதலிலிருந்து கேட்டார். தாசில்தார் மாறினார், மறுபடி அதே கேள்வி, அதே பதில். எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள், அந்தத் தாள் எங்கே என்று கேட்டால் "கோப்பில் இல்லை" என்கிறார்கள். மன்னிக்கவும், இதை எப்படி மரியாதையாகக் கேட்பது என்று தெரியவில்லை. புருஷனுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததை ஒரு பெண் எத்தனை பேரிடம் சொன்னால் உங்கள் கோப்பில் ஏறும்? அம்மா இப்போது ரேஷன் கடைக்கே போவதில்லை, நான்தான் ஜவுளிக்கடை வேலையில் அரை நாள் லீவு போட்டு அரிசி வாங்குகிறேன்.

4. "ரெண்டு குடும்பம்னா கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். தகராறு இருந்தால்தானே கோர்ட்டு? இங்கே தகராறே இல்லை. அந்தப் பையன் பெயரையும் சேர்க்கச் சொல்லி முதலில் சொன்னதே எங்கள் அம்மாதான், "அவன் என்ன பாவம் செய்தான்" என்று. திருப்பூர் அம்மாவும் தனக்கு எதுவும் வேண்டாம், மகன் பெயர் இருந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது திருமணம் செல்லாது என்றாலும் அதில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு என்று இந்து திருமணச் சட்டம் 16ஆவது பிரிவு சொல்கிறது, 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்புதான், கடையில் உட்கார்ந்து செல்போனில் தேடித் தெரிந்துகொண்டேன். ஆபீசில் இருப்பவர்களுக்குத் தெரியாதா?

5. குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. பணிக்கொடை வரவில்லை. எது கேட்டாலும் வாரிசு சான்றிதழ்.

6. தம்பிக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்க வேண்டும். இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். தாசில்தார் அலுவலகத்தில் கோப்பு தூங்கியதால் நாள் தாண்டிவிட்டது என்று நாளைக்கு நாங்கள் சொன்னால் நெடுஞ்சாலைத் துறையில் ஒத்துக்கொள்வார்களா? 41 மாதம் அப்பா காத்திருந்தார், அதில் என்ன ஆனது என்று மேலே எழுதிவிட்டேன். தம்பியையும் அப்படிக் காக்க வைக்காதீர்கள்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. அம்மா, நான், தம்பி, அந்தப் பையன் என்று நான்கு பெயரும் போட்டுச் சான்றிதழ் கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால் அதையாவது காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், அதை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறோம். வாயால் சொல்லி அனுப்புவதை வைத்து எந்த வக்கீலையும் பார்க்க முடியவில்லை.

ஐயா, தயவுசெய்து கோப்பை ஒருமுறை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். இனி யார் விசாரித்தாலும் முதலில் எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், எண் விண்ணப்பத்தில் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் அலுவலகத்துக்கே அழைத்து வருகிறேன். தெருவில் வைத்துக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
மூத்த மகள்
(அம்மாவின் கைரேகையுடன்)