முருகேசனுக்கு, வேளச்சேரியிலிருந்து

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. தண்டபாணியை எழும்பூரில் பார்த்தேன். இன்னமும் அந்த இட்லிக் கணக்கைத்தான் கேட்கிறான், கொடுத்துத் தொலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸில் பெரிய வாக்குவாதம். காற்றாலை உற்பத்தியை முன்கூட்டிச் சொல்லும் எங்கள் கம்ப்யூட்டர் மாடலிலிருந்து ஃபஸி லாஜிக்கை, அதாவது 'ஆம், இல்லை' என்று வெட்டாமல் 'ஓரளவு' என்பதையும் கணக்கில் எடுக்கும் முறையை, தூக்கிவிடலாம், பழைய தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங் மட்டும் போதும் என்கிறார்கள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், சராசரிப் பிழையைக் குறைத்தும் காட்டினார்கள். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

உனக்குத் தெரியாததா? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. இயந்திரம் முழுத் திறனை எட்டும்வரை, வேகத்தில் 10 சதவீதம் பிசகினாலே மின்சாரக் கணக்கு ஏறக்குறைய 30 சதவீதம் ஆடிவிடும். ஒரு நாளைப் பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாக 96 துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மெகாவாட் என்று மின்தொகுப்பின் கட்டுப்பாட்டு அறைக்கு முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சட்டென்று படுத்தால், ஈடுகட்ட அனல் மின்நிலையம் நினைத்த நேரத்தில் எழுந்து வராது. மூன்று மணிக்கு உற்பத்தி விழும் என்று நாம் சொன்னால், ஏன் என்று அந்த அறையில் இருப்பவர் கேட்பார். 'கம்ப்யூட்டர் சொல்கிறது' என்பது ஒரு பதிலா?

ஃபஸியில் காரணம் கண்ணுக்குத் தெரியும். 1965-ல் பேராசிரியர் லாட்ஃபி ஸாதே கொடுத்த வழி அது. நொடிக்கு 7 மீட்டர் காற்று 'மிதம்' என்பதில் ஒன்றுக்கு 0.7 அளவு, 'பலம்' என்பதில் 0.3 அளவு என்று இரண்டிலும் இருக்கலாம். 'காற்று பலம், திசை மேற்கு என்றால் உற்பத்தி அதிகம்' என்று நாம் பேசுகிறபடியே விதி எழுதலாம். சூரிய மின்சாரத்துக்கும் அப்படித்தான். மேகமூட்டம் உண்டு, இல்லை என்ற இரண்டுக்குள் அடங்குகிற சமாச்சாரமா என்ன? 'பலம்' எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் பழைய தரவிலிருந்து மாடல் கற்றுக்கொள்ளட்டும். 1993-ல் ஜாங் என்பவர் தரவிலிருந்து கற்கும் நியூரல் நெட்வொர்க்கோடு ஃபஸியைச் சேர்த்துச் செய்துகாட்டியது இதைத்தான். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது ஒன்றை ஏன் தூக்கி எறிய வேண்டும்?

அதனால்தான் உன்னிடம் உரிமையோடு கேட்கிறேன். 'மலை மேல மேகம் கலைஞ்சா மத்தியானத்துக்குள்ள காத்து படுத்துரும்' என்று ஒரு தடவை போனில் சொன்னாயே, அந்த மாதிரி உனக்கும் உன்னோடு காற்றாலைக் கோபுரம் ஏறும் ஆட்களுக்கும் தெரிந்ததை எல்லாம் எழுதி அனுப்பு. சரியா தப்பா என்று யோசிக்காதே. தரவோடு வைத்துப் பார்த்து, நிற்காததை நான் எடுத்துவிடுகிறேன். எந்த மாதம், எந்த நேரம், எந்தத் திசைக் காற்று என்பது மட்டும் கட்டாயம் வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் என் கைக்கு வந்தாக வேண்டும்.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்