பெயர் போட வேண்டாம் என்ற அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ளவர்களே,

வெள்ளம் புகுந்த அந்த இரவைப் பற்றி மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. உங்களில் பாதிப் பேர் முழங்கால் தண்ணீரில் என்னோடு நின்றவர்கள்தாம். நேற்றுச் சாயங்காலம் நம் பழுதுபார்க்கும் மேசையின் கடைசி மின்விசிறியும் சுற்றிவிட்டது. அந்தச் சத்தம் காதில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்து அறையைத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்தினர், கூலி வாங்காமல் இரண்டு நடை அடித்த லோரிக்காரர், ஸ்பேனர்களைத் துடைத்து எண்ணெய் பூசிய கல்லூரிப் பிள்ளைகள், மூன்று நாளும் தே தாரிக் டீ அனுப்பிய மாமாக் சாப்பாட்டுக் கடைக்காரர், காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வயரும் பியூஸும் கொடுத்த சீனப் பெரியவர் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. உங்களை ஒரே மூச்சில் சொல்லி முடித்ததற்குக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். அந்த அக்காவை நீங்களும் பார்த்தீர்கள் அல்லவா?

சனிக்கிழமை காலை. நம் ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் பழுதுபார்க்க வந்து, தண்ணீரில் ஊறிப்போன பொருள்களில் ஒரு பாட்டியின் ரேடியோவும் இருந்தது. மின்னல் எஃப்எம் என்ற தமிழ் வானொலி தவிர வேறு எதற்கும் முள் நகராத ரேடியோ. காய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, பிளக்கைக் கையில் எடுத்தேன். "தம்பி, கரண்ட் கொடுக்காதீர்கள். உள்ளே சேறு இருக்கும்" என்று வாசலிலிருந்து ஒரு குரல். அதட்டல் இல்லை. ஆனாலும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த அக்காதான். கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். கழற்றிய திருகுகளை ஒரு பாட்டில் மூடியில் வரிசையாக வைத்தார். உள்பலகையை வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் கழுவினார், நான் பதறிப்போனேன். பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷை ஆல்கஹாலில் தோய்த்து மூலைமூலையாகத் தேய்த்து, மறுநாள் வரை விசிறிக் காற்றில் வைக்கச் சொன்னார். சொன்னபடி மறுநாள் வந்து, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். ஈயம் வைத்த ஒரு புள்ளியைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளையம். "இது தண்ணீர் செய்த வேலை இல்லை. பல வருஷ விரிசல். பாட்டி தட்டித் தட்டித்தான் பாட்டுக் கேட்டிருப்பார்" என்றார். சோல்டரிங் கோலின் நுனியை வைத்து இரண்டு எண்ணும் நேரம். ஈயம் பாதரசம் போல மினுங்கி, பரவி, அடங்கியது. பாட்டியிடம் கேட்டேன். தட்டியது உண்மைதான் என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அக்கா 1981இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். இருட்டு விலகுமுன் வரும் தொழிற்சாலை பஸ், 26 வருஷம், ஒரே உற்பத்தி லைன். "லட்சக்கணக்கில் செய்திருப்பேன், தம்பி. எல்லாம் பெட்டிக்குள் போவதைத்தான் பார்த்தேன். கெட்டுப்போய்த் திரும்பி வந்த ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை." ரேடியோவை மூடிக்கொண்டே இதைச் சொன்னார்.

என் வாய் சும்மா இருக்குமா? 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்பவர் தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடம் இன்று உலகமெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேல் பெருகியிருப்பதையும், அதைப் பார்த்துத்தான் நாம் இந்த மேசையைப் போட்டோம் என்பதையும் சொன்னேன். பணக்கார நாடுகள் பொருளையும் எரிசக்தியையும் விழுங்குவதைக் குறைக்க வேண்டும் என்கிற வளர்ச்சிக் குறைப்புக்காரர்கள் 2008இல் பாரிஸில் முதல் பன்னாட்டு மாநாடு கூட்டியதைச் சொன்னேன். பிரான்சில் 2021இல் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும், எவ்வளவு சுலபமாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று விதி வந்ததையும் விடவில்லை. அந்த மதிப்பெண் விஷயம் அவருக்குப் பிடித்திருந்தது.

பிறகு கேட்டார்: "அந்தச் சம்பளம் இல்லையென்றால் என் தம்பிகள் இரண்டு பேரும் படித்திருக்க மாட்டார்கள். அங்கே வாங்குவதைக் குறைத்தால், இங்கே லைனில் நிற்கிற பெண் என்ன செய்வாள்?"

ஏழை நாடுகளைக் குறைக்கச் சொல்லவில்லை, உழைக்கும் நேரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார்கள் என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. பத்து வருஷமாக இதைப் பேசுகிறேன். லைனில் நின்ற ஒருவரை உட்கார வைத்து ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. 'வளர்ச்சியைக் குறைப்போம்' என்று நான் ஆசை ஆசையாகத் தீட்டிய பதாகை தண்ணீரோடு போனது. அக்காவோடு உட்கார்ந்து பேசாமல் புதிதாக ஒன்று தீட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

அடுத்த மாதத்திலிருந்து முதல் ஞாயிறு, பிள்ளைகளுக்கு ஈயம் வைக்கக் கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். போக்குவரத்துக்குக் காசு கொடுத்தேன். வாங்கவில்லை. தேய்ந்துபோன நம் கோல் நுனிகளை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். மாற்றிவிட்டேன், அக்கா.

மூடி இல்லாத ரைஸ் குக்கர் ஒன்று மட்டும் இன்னும் மேசையில் இருக்கிறது. சீட்டு நனைந்து, பெயர் அழிந்துவிட்டது. வேலை செய்கிறது. உரியவர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூடி வீட்டில் இருந்தால் கொண்டு வந்து பொருத்திப் பாருங்கள்.

நன்றியுடன்,
ஞாயிற்றுக்கிழமை மேசைக்காரன்