ஆண்டறிக்கை 2024-25: வரப்போகும் படங்களும் வராத சந்தாவும்

தலைவர் அண்ணாச்சிக்கும் நம் சினிமா மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரைக்குமான அறிக்கை இது. போன தடவை வாசித்தபோது பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள், அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறேன். கூட்டத்துக்கு வருவதற்கு முன் முழுசாகப் படித்துவிடுங்கள்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். பாளை தசராவில் சப்பரங்கள் கூடிய இரவு சுண்டலும் தண்ணீரும் வழங்கினோம். கோட், வேட்டையன், அமரன், கங்குவா, விடாமுயற்சி ஆகிய படங்களுக்கு முதல் நாள் தியேட்டரில் ஒரு வரிசை சீட்டு மொத்தமாகப் பிடித்தோம்.

ஆகஸ்ட் 23 அன்று வாழை படம் பார்த்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பேச்சு, நம் பக்கத்துத் தோட்டம், வாழைத்தார் சுமக்கிற பிள்ளைகள். இடைவேளையில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், சின்ன வயதில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தார் சுமந்தவர், சும்மாட்டைத் தலையில் நேராக வைக்காமல் கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறக்கி வைத்தால்தான் தாரின் பாரம் தோளுக்கு இறங்கும் என்று துண்டைச் சுருட்டி வைத்துக் காட்டினார். முன் வரிசையில் இருந்த காலேஜ் பையன்கள்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். மன்றம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இனி பலகை விஷயம். மார்க்கெட் பக்கத்து டீக்கடைச் சுவரில் நான் எழுதி வருகிற 'வரப்போகும் படங்கள்' பலகைக்குச் சாக்பீஸ் செலவு எதற்கு, எல்லாம்தான் போனில் வருகிறதே என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். போனில் வருகிறது, சரி. எது உண்மை என்று யார் சொல்வது? படக் கம்பெனியே அறிவித்தால்தான் வெள்ளைச் சாக்பீஸ், வெறும் பேச்சு என்றால் மஞ்சள். பக்கத்தில் 'சொன்ன தேதி', 'வந்த தேதி' என்று இரண்டு கட்டம். கங்குவா அக்டோபர் 10 என்று இருந்தது, வேட்டையனுக்கு வழிவிட்டு நவம்பர் 14க்குப் போனது. விடாமுயற்சி பொங்கலிலிருந்து பிப்ரவரி 6க்குப் போனது. 2012இல் எடுத்த மதகஜராஜா இந்த வருஷப் பொங்கலுக்குத்தான் வந்தது. எல்லாம் அந்தப் பலகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் 2023 நவம்பர் 24 என்று சொல்லிவிட்டு வரவே இல்லை, அந்த வரியை நான் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். அத்தனை பேர் உழைத்த படம், என்றைக்காவது வரட்டும். ஹாஸ்டல் பையன்கள் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கேயோ பார்த்த போஸ்டரை நம்பி லீவு போட்டு ஏமாந்தவர்கள் இப்போது அங்கே வந்து பார்த்துவிட்டுத்தான் லீவு சொல்கிறார்கள்.

இதை எழுதும் 2025 ஏப்ரலில் வெள்ளையில் இருப்பவை: மே 1 ரெட்ரோ, ஜூன் 5 தக் லைஃப், ஜூன் 20 குபேரா, ஆகஸ்ட் 14 கூலி, அக்டோபர் 1 இட்லி கடை (இது முதலில் ஏப்ரல் 10), 2026 ஜனவரி 9 ஜன நாயகன். இதில் தக் லைஃப்தான் எனக்குப் பெரிசு. 1987 தீபாவளிக்கு நாயகன் வந்தபிறகு கமலும் மணிரத்னமும் சேர 38 வருஷம் ஆகியிருக்கிறது, நாயகனைத் தியேட்டரில் பார்த்த அண்ணாச்சிமார் நம்மிடம் இருக்கிறார்கள், அவர்களும் அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. கூலியில் ரஜினியும் சத்யராஜும் 1986க்குப் பிறகு சேர்கிறார்கள். ஜன நாயகன் விஜய்யின் கடைசிப் படம் என்கிறார்கள். அன்றைக்குக் கட்சிக்கொடியைத் தியேட்டருக்கு வெளியே வைத்துவிட்டு எல்லா ரசிகரும் வரட்டும்.

மஞ்சளில் இருக்கிற பைசன் பற்றியும் சொல்ல வேண்டும், தேதி இன்னும் குறிக்கவில்லை. நம்மூர் மாரி செல்வராஜ் படம், துருவ் விக்ரம் நடிக்கிறார். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவியது. அவர் ஊரான மணத்தி நமக்கு எட்டிப் போகிற தூரம். அந்தப் படத்துக்கு ஒரு வரிசை போதாது, மூன்று வரிசை பிடிக்க வேண்டும்.

பிடிக்கலாம், காசு வேண்டும். தியேட்டர்காரர்களும் விநியோகஸ்தரும் பங்கு பேசி முடிக்கும்வரை முன்பதிவு திறக்காது, திறந்த கொஞ்ச நேரத்தில் நல்ல வரிசை போய்விடும். அந்த நேரத்தில் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் காசு கேட்டுக்கொண்டிருக்க முடியாது. "எனக்கும் ஒண்ணு போடுங்க அண்ணாச்சி" என்று சொல்கிறார்கள், போடுகிறேன், அப்புறம் ஆளையே காணோம். கங்குவாவுக்கு நம் வரிசையில் பாதி காலி. விமர்சனம் சரியில்லை என்று ஒரு தம்பி காரணம் சொன்னார். அந்த மாதம்தான் தியேட்டர் வளாகத்தில் யூடியூப் விமர்சனம் எடுக்கத் தடை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, பேசுகிறவன் பேசட்டும். ஆனால் மன்றத்து ஆள் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். கோட் வந்தபோது வேறு கதை. 2023இலிருந்து இங்கே அதிகாலைக் காட்சி கிடையாது, சிறப்பு அனுமதி கிடைத்தாலும் காலை 9 மணிதான். கேரளத்தில் 4 மணிக்கே போட்டார்கள் என்று நம் பையன்கள் நாலைந்து பேர் ஆரியங்காவு தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆசை, தப்பில்லை. முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டிக்கெட்டை வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பேனே.

மாதச் சந்தா 50 ரூபாய். பாதிக்கு மேற்பட்டோர் தீபாவளிக்கு அப்புறம் கட்டவில்லை. பெயர் எழுத மனசு வரவில்லை, அவரவருக்குத் தெரியும். நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுமே என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன், வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சும்மாட்டுக் கதை கிடைத்திருக்குமா?

வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி கூட்டத்தில் வாசிப்பார். வரவு வந்தது, டிக்கெட்டுக்கும் தசராவுக்கும் போனது, கையிருப்பு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, வரவேண்டிய பாக்கிதான் அதிகம்.

தலைவர், பொருளாளர், சுவர் தந்த டீக்கடை அண்ணாச்சி, டிக்கெட் விஷயத்தில் உதவிய தியேட்டர் ஊழியர்கள் எல்லோருக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த வருஷம் வேறொருவர் செயலாளராக வந்தால் பலகையையும் பாக்கி நோட்டையும் சந்தோஷமாக ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் தக் லைஃப்பிலிருந்து முன்பணம் கட்டியவருக்கு மட்டுமே சீட்டு, சொந்தக்காரராக இருந்தாலும் அப்படித்தான். பழைய பாக்கியை மே மாதக் கூட்டத்துக்குள் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தமாக முடியாதவர்கள் இரண்டு தவணையாகக் கட்டலாம். ரெட்ரோவுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் இந்த ஞாயிறு சாயங்காலத்துக்குள் பலகைக்குப் பக்கத்தில் என்னைப் பாருங்கள், கையில் காசோடு.

இப்படிக்கு,
செயலாளர்,
பாளையங்கோட்டை