புகையிலைத் தோட்டத்துக் கட்டடங்களைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

ஊராருக்கும் உறவினருக்கும், வெளியூரிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

வேதாரண்யம் வட்டத்தில், காவிரித் தண்ணீர் ஏறாத கடைமடை மணல்மேட்டில் இருக்கும் எங்கள் குடும்பத்துப் பழைய புகையிலைத் தோட்டத்தில் இன்று மிஞ்சியிருப்பவை நான்கு: புகைக் கொட்டகை, இலையைப் பாடம் போடும் (பதப்படுத்தும்) அறை, சிப்பம் (புகையிலைக் கட்டு) அடுக்கிய ஓட்டுக் கட்டடம், உறைகிணறு. மாட்டுக் கொட்டகை 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயலோடு போயிற்று. அதைத் திரும்பக் கட்டப் போவதில்லை. புகையிலைப் பயிரையும் விட்டாயிற்று. அது வாய்க்கு என்ன செய்யும் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே பழைய தொழிலை மீட்கும் ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். உப்பையும் புகையையும் கடல் காற்றையும் தாங்கி நின்ற கட்டட வேலை இது. அந்த வேலைப்பாடு போய்விடக்கூடாது என்பதுதான் எண்ணம்.

பெயர் போட்டு நன்றி சொல்லத்தான் நினைத்தோம். பாதிப்பேர் "பேரெல்லாம் வேணாம்" என்றுவிட்டார்கள். ஆகவே அவரவர் வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். அளவும் பக்குவமும் சேர்த்தே எழுதுகிறோம். எழுதி வைக்காவிட்டால் அடுத்த தடவை கூரை பிரிக்க வருபவர் தகரத்தைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார்.

முதல் நன்றி, முன்பு இங்கே மூட்டம் போட்ட, அதாவது இலைக்குப் புகை காட்டிய, பெரியவர்களுக்கு. புகைக் கொட்டகை ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது, சன்னல் ஏன் இல்லை, வாசல் ஏன் குனிந்து நுழையும் உயரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர்கள்தான் விளக்கம் சொன்னார்கள். மழை ஓய்ந்து நட்டு, பங்குனி சித்திரையில் அறுத்து, வாட்டி, காம்போடு கட்டித் தொங்கவிட்ட இலைக்கு இங்கே வெப்பம் தேவையில்லை, புகைதான் தேவை. தரையில் பள்ளம் வெட்டி, தேங்காய் மட்டையும் பனை மட்டையும் பன்னாடையும் போட்டு, சுடர் எழாமல் புகைய விடுவார்கள். காற்று அதிகம் புகுந்தால் மட்டை கொழுந்துவிட்டு எரியும். இலை முறுகி உதிரும், கூரையும் பற்றும். அதனால்தான் சிறிய வாசல். சன்னல் வைத்திருந்தால் புகை நேராக வெளியே போய்விடும். கீற்றுக்கு இடையில் கசிந்து மெதுவாக வெளியேறும்போது இலையெல்லாம் ஒரே சீராக நிறம் ஏறும். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மெல்லும் புகையிலைக்கு மூட்டம் போடும் வழக்கம் உண்டு.

அந்தப் பெரியவர்கள் தடுத்திராவிட்டால் ஒரு கெடுதல் நடந்திருக்கும். உள்ளே கழிகளிலும் பனஞ்சட்டங்களிலும் தார் போலப் படிந்திருக்கும் கரியைச் சுரண்டிக் கழுவி வார்னிஷ் அடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்தக் கரிப்படிவு இருக்கும் இடத்தில் கரையானும் இல்லை, துளைப்பான் வண்டும் இல்லை. புகை எட்டாத வாசல் நிலையில் மட்டும் இரண்டும் இருந்தன. கரியை அப்படியே விட்டோம். நிலையின் அடிப்பகுதியை மட்டும் வெட்டி மாற்றினோம்.

கீற்று முடைந்து தந்த அக்காமாருக்கும் அத்தாச்சிமாருக்கும் தனி நன்றி. கஜாவுக்குப் பிறகு இந்தப் பக்கம் தென்னை எவ்வளவு சாய்ந்தது என்று தெரியும். நல்ல மட்டை கிடைப்பதே பெரும்பாடு. அவர்கள் பச்சை மட்டையை வாங்க மறுத்துவிட்டார்கள். முற்றின மட்டையை இரண்டாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப் போட்டு, ஓலை துவண்டபின் முடைந்தால்தான் கீற்று முறியாமல் நெருக்கமாக விழும். கூரை சரிவு 45 பாகைக்குக் குறையக்கூடாது. குறைந்தால் தண்ணீர் நின்று கீற்று ஒரே மழைக்காலத்தில் மக்கும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே அரை அடிக்கு மேல் வெளியில் தெரியாதபடி நெருக்கி வேய்ந்திருக்கிறார்கள். கட்டுக்குக் கம்பி வேண்டாம், பனைநாரும் தென்னங்கயிறும் போதும் என்றதும் அவர்களே. கடல் காற்றில் கட்டுக்கம்பி துருப்பிடித்து அறும். அறுந்த முனை கீற்றையும் கிழிக்கும். இப்போது உள்ளே மூட்டம் இல்லை என்பதால் கீற்று முன்போல் உழைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை, வெறும் மட்டைப் புகை மட்டும் போட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன வழி. போடும்போது வாசலில் ஒரு ஆள், பக்கத்தில் நாலு குடம் தண்ணீர், ஒரு குவியல் ஈரமணல். இதில் சமரசம் கிடையாது.

அதிகம் எழுத வேண்டியது பாடம் போடும் அறையைப் பற்றி. மூட்டம் போட்ட இலையை உப்புத் தண்ணீரில் நனைத்து, கருப்பட்டிப் பாகு தெளித்து, அடுக்கி, சூடேற ஏறப் பிரித்து மாற்றி அடுக்கிய இடம் அது. தலைமுறை தலைமுறையாக உப்பு குடித்த தரை, உப்பு குடித்த சுவர். பழைய சித்துக்கல் (கனம் குறைந்த சிறு செங்கல்), சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சுவர் பல காலம் தாங்கியது. இடையில் யாரோ அழகுக்காக இடுப்பளவு சிமெண்ட் பூச்சு பூசிய பிறகுதான் சீரழிவு தொடங்கியது.

காரணம் எளியது. ஈரம் சுவரில் ஏறும், ஆவியாகும், உப்பை விட்டுவிட்டுப் போகும். சுண்ணாம்புப் பூச்சில் உப்பு வெளிமுகத்தில் பூக்கும்; துடைத்துவிடலாம். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. உப்பு பூச்சுக்குப் பின்னால் கல்லுக்குள்ளேயே படிகமாகிக் கல்லை மாவாக்கும். ஈரமும் பூச்சு முடியும் இடத்துக்கு மேலே ஏறி அங்கே புதிதாகத் தின்னத் தொடங்கும். பூச்சைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வந்த இடமெல்லாம் பின்னால் கல் இல்லை, செம்மாவுதான் இருந்தது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியும் அவரோடு வந்தவர்களும் செய்த வேலைக்கு நாங்கள் கொடுத்த கூலி ஈடாகாது. மிஷின் வைத்து உடைக்கவில்லை. சிற்றுளியால் சிமெண்டைக் கொத்தி எடுத்தார்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவவே விடவில்லை. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைச் சாக்கில் ஏந்தி வெளியே கொண்டுபோனார்கள். தரையில் விட்டால் அடுத்த மழையில் அதே சுவரில் ஏறும். பிறகு பழைய செய்தித்தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, விரல் கனத்துக்குச் சுவரில் அப்பி, காய்ந்து தானே உரியும்வரை விட்டு எடுத்தார்கள். கூழ் காயும்போது உப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உரிந்த காகிதத்தில் வெள்ளைப் பூப்பு குறையும்வரை திரும்பத் திரும்ப இதேதான். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது.

கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றும்போது தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு, சிறிது சிறிதாக. சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் கண் போகும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரையும் மேஸ்திரி தொட்டிக்கருகே விடவில்லை. நீற்றியதைச் சல்லடையில் சலித்து, மேலே தண்ணீர் நிற்க மூன்று வாரத்துக்குக் குறையாமல் ஊறவிட வேண்டும். நீறாத பொடிக்கல் ஒன்று சாந்தில் சேர்ந்தாலும், பூசிய பின் நீறி, பூச்சைப் பொத்துக்கொண்டு வெளியே வரும்.

கலவை, சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு. மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும். தோட்டத்தைச் சுற்றி மணல்தானே என்று அள்ளிவிடக்கூடாது, அதில் உப்பு இருக்கும். வந்திறங்கிய மணலை மேஸ்திரி நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார். எங்கள் சுவருக்கு அவர் வைத்த பக்குவம், 50 கிலோ சுண்ணாம்புக்கு 2 கிலோ கடுக்காய், 2 கிலோ கருப்பட்டி. கடுக்காயை இடித்து ஊறவைத்துத் தெளிநீரை மட்டும் சேர்ப்பது. கருப்பட்டி கூடினால் சாந்து இறுகாமல் கிடக்கும், எறும்பு மொய்க்கும். பூச்சு ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டர்; இரண்டாம் பூச்சு முதலாவது இறுகிய பிறகு. ஈரக்கோணியைத் தொங்கவிட்டு ஒரு வாரம் பத்து நாள் காயவிடாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே அடிக்கும் காற்றுக்கு அரை நாள் மறந்தாலும் மயிரிழை விரிசல் விழும். இந்தப் பூச்சும் ஒருநாள் உப்பு ஏறி உதிரத்தான் போகிறது. உதிர்வது பூச்சாக இருக்கட்டும், கல்லாக இருக்க வேண்டாம் என்பதற்குத்தான் இது.

மாவாகிப்போன கல்லுக்கு மாற்றாக, திருத்துறைப்பூண்டி பக்கம் இடித்த வீட்டிலிருந்து அதே அளவு சித்துக்கல்லைப் பொறுக்கி அனுப்பிய உறவினருக்கு நன்றி. இன்றைய செங்கல் கனம் கூடுதல், வரிசை ஒட்டாது.

சிப்பக் கட்டடத்தின் கூரையில் சீமை ஓடு. பனங்கை (ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டம்) எல்லாம் நடுவில் இரும்பு போல் உறுதியாக இருந்தன. சுவரில் உட்காரும் முனைகள் மட்டும் மக்கியிருந்தன. ஓரத்து ஓடு உடைந்து சொட்டிய தண்ணீர் சுவர்த் தலையில் தேங்கியதால் வந்த வினை. தச்சர் முழுப் பனங்கையையும் கழற்றாமல், கெட்ட முனையை மட்டும் சாய்வாக அறுத்து, முதிர்ந்த பனையின் அடிமரத்து வைரத்தில் புதுமுனை இணைத்தார். இணைப்பின் நீளம் பனங்கையின் கனத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையவில்லை. இணைப்பை நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டியே வைத்தார். பாரம் அதிகமாக வளைக்கும் இடம் நடுவு. போல்ட் ஸ்டெயின்லெஸ். சுவரில் புகும் முனைக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் இரண்டு தடவை பூசினார். அந்த எண்ணெய் தோலைப் பொசுக்கும். கையுறை போட்டு, அதற்குமேல் வெளியில் தெரியும் தோலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு செய்ய வேண்டும்.

ஓடு தந்தவர்களுக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, கணீரென்றதை மட்டும் மேலே ஏற்றினார்கள். இறவாரத்து (கூரையின் கீழ் ஓரத்து) வரிசை, முகட்டு வரிசை இரண்டுக்கும் சுண்ணாம்புச் சாந்து. நடுவில் மூன்று வரிசைக்கு ஒருமுறை செப்புக்கம்பிக் கட்டு. புயல் ஓட்டை மேலிருந்து பிடுங்குவது ஒரு பக்கம். திறந்த கதவு வழியாக உள்ளே புகுந்து கீழிருந்து தூக்குவது இன்னொரு பக்கம். அதுவும் புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் காற்றுக்குத் தாழ் போட்டவர்கள் எதிர்ப்பக்கக் கதவை மறந்துவிடுவதுண்டு. இப்போது இரு பக்கமும் குறுக்குக் கட்டை போடும் கொக்கி இருக்கிறது.

கூட்டித் துப்புரவு செய்ய வந்த தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய புகையிலைத் தூசியிலும் நிகோட்டின் இருக்கும். வியர்வை ஈரத்தோடு தோலில் இறங்கும். தலைசுற்றலும் குமட்டலும் வரும். முழுக்கை சட்டை, கையுறை, மூக்கில் முகக்கவசம், வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பது, முடித்ததும் குளித்துத் துணி மாற்றுவது என்ற ஒழுங்கை வம்பு செய்யாமல் கடைப்பிடித்தீர்கள். மகிழ்ச்சி.

உறைகிணற்றில் செய்ய அதிகமில்லை. சுட்ட மண் உறைகள் நன்றாகவே இருந்தன. தூர் வாரியதோடு சரி. பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு (போர்) போடலாம் என்று சொன்னவர்களைத் தடுத்த பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு நன்றி. மணல்மேட்டில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாக உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும், நாலு தோட்டத்துக் கிணறும் கரிக்கும்.

நான்கு கட்டடத்தையும் அளந்து படம் வரைந்து தந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், லாரித் தண்ணீர் தந்தவர்களுக்கும், வேலை நாளெல்லாம் சோறும் மோரும் அனுப்பிய வீடுகளுக்கும், சாரைப்பாம்பை அடிக்காமல் பிடித்து விட்டவருக்கும் எங்கள் நன்றி. பாம்பு திரும்பி வந்துவிட்டது. எலி குறைந்திருக்கிறது, யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இனி ஆண்டுதோறும் புரட்டாசிக்குள், ஐப்பசி மழைக்கு முன், ஓடு சுண்டிப் பார்ப்பது, இறவாரச் சாந்து பார்ப்பது, பாட அறைச் சுவரில் பூத்த உப்பை உலர்பிரஷ்ஷால் தள்ளுவது ஆகிய மூன்றும் நடக்கும். வர முடிந்தவர்கள் வரலாம்.

தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது. மேலே தண்ணீர் நிற்கும்வரை கெடாது, நாளாக நாளாகப் பக்குவம் கூடும். பழைய வீட்டுக்குச் சாந்து தேவைப்படுகிறவர்கள் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி கொண்டுவந்து எடுத்துக்கொள்ளலாம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்பு அரித்துவிடும். எடுத்தபின் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்துவிட்டுப் போகவும். சிமெண்ட் கலந்து பூசுவதாக இருந்தால் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
தோட்டத்துக் குடும்பத்தார்
வேதாரண்யம் வட்டம்