சேகருக்கு, மார்ஷ்சேப்பலில் இருந்து

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் உன் சர்க்கரை அளவிலும் பாண்டியின் புதுக் கடனிலுமே நேரம் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டப் போகிறாய். படித்து முடித்துவிட்டுத் திட்டு.

மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்ஷையர் கடலோரத்துக்குக் கூட்டிப் போனார்கள். மார்ஷ்சேப்பல் என்று ஒரு கிராமம். தட்டை நிலம், அதில் திட்டுத் திட்டாக மேடுகள். மாப்பிள்ளை மணல்மேடு என்றார். மணல்மேடாவது! அத்தனையும் இடைக்காலத்தில் உப்புக் காய்ச்சியவர்கள் கொட்டிய கழிவு மண்ணடா.

இங்கே வெயிலை நம்பி உப்பு விளைக்க முடியாது. கோடையில் பெரிய கடல் ஓதம் வந்து வடிந்ததும், உப்புப் பூத்த வண்டலைச் சுரண்டி எடுப்பார்கள். களிமண் பூசிய பள்ளத்தில் அதைப் போட்டு மேலே கடல்நீர் ஊற்றினால், டிகாக்‌ஷன் மாதிரி கெட்டியான உப்புநீர் கீழே இறங்கும். அதை ஈயச் சட்டியில் ஊற்றிக் காய்ச்சினால் உப்பு. எரிக்க, சதுப்பில் வெட்டிக் காயவைத்த பீட் கட்டிகள், அதாவது செடிகொடி மக்கி இறுகிய மண். கடல்நீரில் உப்பு 3.5 சதவீதம்தானே? அப்படியே காய்ச்சினால் 1 கிலோ உப்புக்கு 27 லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். 14 சதவீத உப்புநீர் என்றால் 6 லிட்டர் சொச்சம் போதும். எவ்வளவு விறகு மிச்சம் பார்!

கழுவிய மண்ணைப் பக்கத்திலேயே வீசிவிடுவார்கள். அது தலைமுறை தலைமுறையாகக் குவிந்ததுதான் மேடு. 1086இல் இங்கிலாந்து அரசர் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பிலேயே இந்த மாவட்டத்து உப்புக் கொட்டகைகள் இருக்கின்றன. 1595இல் ஹேவார்ட் என்பவர் வரைந்த வரைபடத்தில் மார்ஷ்சேப்பல் மேடுகளே இருக்கின்றன. உப்பைத் தின்று தீர்த்தாயிற்று. ஈயத்தை உருக்கி வேறு வேலைக்கு எடுத்திருப்பார்கள். வேண்டாமென்று எறிந்த மண் மட்டும் நிற்கிறது. எசெக்ஸ் பக்கம் இதைவிடப் பழைய உப்பு மேடுகள் உண்டு. அவர்கள் மண்பாண்டத்தில் காய்ச்சியதால் சுட்ட மண் சிவப்பாகக் கிடக்கிறது. இங்கே அடையாளம் காட்ட அந்த உதவியும் இல்லை. உழுத வயலில் ஒரு கை அள்ளிப் பார்த்தேன், மாவாட்டம் சாம்பல் நிற வண்டல். ஓட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லை.

எனக்கு அதுதான் கவலை. கோயிலோ கோட்டையோ என்றால் யாராவது தடுப்பார்கள். வெறும் மண்ணை டிராக்டர் உழ உழ மேடு தணிகிறது. விமானத்திலிருந்து லேசரால் அளந்த படத்தில் தெரியும் மேடு சில இடங்களில் தரையில் நின்றால் கண்ணுக்கே படுவதில்லை. விவசாயியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அது அவர் வயல். மகளிடம் புலம்பினால், “அப்பா, மண்ணுக்கா அழறீங்க?” என்கிறாள்.

அப்புறம், உனக்கு ஒரு வேலை. உப்புநீர் காய்ச்சும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பார்களாம். எத்தனை சதவீதத்தில் மிதக்கும்? வீட்டிலேயே செய்து பார்த்து எழுது. லேபில் நாம் செய்த அந்தக் காரியத்துக்குப் பிறகு உன்னை எந்தச் சோதனைக்கும் தனியாக விடக்கூடாதுதான், ஆனால் இதில் எதுவும் வெடிக்காது.

அன்புடன்,
ரகு